வௌவால் பெட்டி: மரம் சரி, கூரை சரி, அந்த வலைதான்!

வௌவால்கள் வந்து தங்குவதற்காக வெளியே மாட்டிவைப்பது வௌவால் பெட்டி. நான்கு அறை சீடர் மரப் பெட்டியின் விலை இப்போது குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று டெக்சாஸின் ஆஸ்டினில் புதிதாக வீடு வாங்கிய நண்பர் கேட்டார். உயரம், அகலம், எடையெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கின்றன. பல கோடைகளைத் தாண்டிய பெட்டி என்ன ஆகிறது என்பது அங்கே இருக்காது, அதனால் இந்தக் குறிப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கூரை ஒரு மழைக்கும் ஒழுகியதில்லை. அறைகளின் இடைவெளி சரியாக முக்கால் இஞ்ச். பக்கவாட்டுக் காற்றுத் துவாரம் அடியிலிருந்து ஆறு இஞ்சில், இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. கீழே தொங்கும் இறங்குபலகையும் போதிய நீளம். இவ்வளவும் சரியாக உள்ள பெட்டி இந்த விலையில் அரிது. வௌவால்களும் வந்து தங்குகின்றன.

எரிச்சல் உள்ளே அடித்திருக்கும் பிளாஸ்டிக் வலை. வௌவாலுக்கு நகம் பற்ற ஏதாவது வேண்டும், உள்பலகைகளின் வழவழப்பான பிளைவுட்டில் அதனால் தொங்க முடியாது. அதற்கு இரண்டு வழி உண்டு: பலகையிலேயே மெல்லிய காடி (கோடு போன்ற பள்ளம்) வெட்டுவது, இல்லையென்றால் வலையை ஸ்டேப்ளர் பின்னால் அடிப்பது. இவர்கள் வலையை அடித்திருக்கிறார்கள். டெக்சாஸ் வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, பின்கள் தளர்ந்துவிடுகின்றன. வலை நடுவில் தொப்பை போடுகிறது. முக்கால் இஞ்ச் இடைவெளி பாதியாகக் குறைகிறது. வலைக்கும் பலகைக்கும் நடுவே எச்சம் சேர்கிறது. குட்டியின் கால் சிக்கினால் அது தானாக வெளியே வர வழியில்லை.

இதில் கோபம் வரக் காரணம் காலம். இங்கே பெட்டிக்கு வரும் மெக்சிகன் ஃப்ரீ-டெயில்டு வௌவால்கள் மார்ச் வாக்கில் தெற்கிலிருந்து வருகின்றன. ஜூனில் குட்டி போடுகின்றன. குட்டிகள் பறக்க ஐந்து வாரமாவது ஆகும். பெரும்பாலானவை திரும்பிப் போக நவம்பர். வலை தொங்குவதோ கொதிக்கும் ஜூலையில். கண்ணெதிரே தெரியும் பழுதைத் தொட முடியாமல் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். குளிர் குறைந்த ஆண்டுகளில் சில இங்கேயே தங்கிவிடும் என்பதால், அப்போதும் டார்ச் அடித்து நான்கு அறையும் காலியா என்று பார்த்த பிறகே இறக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குப் பழுது பார்க்கும் முறை இது. ஏணியில் ஒருவர், கீழே ஒருவர் இல்லாமல் இறக்காதீர்கள். இறக்கியதும் எச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்து நனையுங்கள், என்95 முகக்கவசம் கட்டாயம். காய்ந்த எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். மூட்டுகளில் உள்ள கால்க்கை (இடைவெளியை அடைக்கும் பசையை) கத்தியால் அறுத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, முன்பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். எடுக்கும்போதே பென்சிலால் எண் போட்டுவிடுங்கள். வலையைக் கிழித்த பின் பின்களைக் குறடால் ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும். மிஞ்சும் ஒரு முனை போதும், இறக்கைச் சவ்வு கிழிய.

பிறகு காடி. வட்ட ரம்பத்தின் ஆழத்தை ஒன்றரை மில்லிமீட்டருக்கு வைத்து, அரை இஞ்சுக்கு ஒன்றாகக் குறுக்குவாட்டில் இழுங்கள். அதைவிட ஆழம் போனால் பிளைவுட்டின் மேலடுக்கு உரியத் தொடங்கும். நடுப்பலகைகளுக்கு இரண்டு பக்கமும், இறங்குபலகைக்கும் வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஆணி வேண்டாம், வெளிப்புற ஸ்க்ரூதான். கால்க் வாங்கும்போது பெயின்ட் பிடிக்கும் அக்ரிலிக் வகை, சிலிகான் மேல் பெயின்ட் நிற்காது. வெளியே நீர் கலந்த பெயின்ட், பிரைமரோடு சேர்த்து மூன்று பூச்சு.

நிறத்தில் ஒரு வார்த்தை. கறுப்பு அடிக்கச் சொல்லும் அறிவுரை மின்னசோட்டா போன்ற குளிர் மாநிலங்களுக்கானது. ஆஸ்டினில் ஜூலை உச்ச வெப்பம் சராசரியாகவே 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது, இங்கே நடுத்தர நிறம் போதும். பெட்டிக்குள் 104 டிகிரிக்கு மேல் போனால் வௌவால்கள் கீழ் விளிம்பில் வந்து நெரிசலாகத் தொங்கும், குட்டிகள் விழும். பிற்பகலில் இதைக் கண்டால் நிறத்தை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். விழுந்த குட்டியை வெறும் கையால் தொடவே கூடாது, ரேபிஸ் ஆபத்து உண்டு. எச்சம் பிடிக்க அடியில் வாளி வைக்காதீர்கள், விழும் குட்டி அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

மாட்டும் இடத்துக்கு மரம் ஆகாது. நிழல் விழும், பாம்பு ஏறும், கிளை வழியை மறிக்கும். இந்த இனம் கீழே விழுந்துதான் பறக்கத் தொடங்கும், ஆகவே பெட்டியின் அடி 12 அடி உயரத்திலாவது இருக்கட்டும். எஃகுக் கம்பம் நல்லது.

கொசு ஒழியும் என்று வாங்குபவர்களுக்கு: ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும் என்ற கணக்கு, மூடிய அறையில் செய்த சோதனையை நீட்டிச் சொன்னது. இந்த வௌவால்கள் அதிகம் தின்பது அந்துப்பூச்சிகளை, அதிலும் மக்காச்சோளக் கதிர்ப்புழுவின் அந்துப்பூச்சியை. டெக்சாஸ் விவசாயிக்கு அது பெரிய உதவி, உங்கள் கொல்லைக் கொசுவுக்கு அதை நம்பாதீர்கள்.

திரும்ப வலைக்கே வருகிறேன். ஆஸ்டினின் காங்கிரஸ் அவென்யூ பாலத்தை 1980-இல் புதுப்பித்தபோது அடியில் ஒரு இஞ்ச் அகலத்துக்குச் சந்துகள் விழுந்தன. கோடையில் 15 லட்சம் வௌவால்கள் வரை அங்கே தங்குகின்றன. அவை பற்றித் தொங்குவது சொரசொரப்பான வெறும் கான்கிரீட்டை. சொரசொரப்பு போதும் என்பதற்கான சான்று ஊர் நடுவில் நிற்கும்போது, அதே உயிர்களுக்கு விற்கும் பெட்டியில் தளரும் பிளாஸ்டிக்கை அடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் வாங்காதீர்கள். மரம் நல்லது, அளவு நல்லது, வௌவால்கள் வருகின்றன. எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். காடி வெட்டிய பெட்டியாக, விலை கூடினாலும் வாங்குங்கள். படத்தில் உள்பலகை தெரியாவிட்டால் விற்பவரிடம் அடியிலிருந்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். வலை தெரிந்தால் விட்டுவிடுங்கள்.