ஆர்ட்டிகிள் குழப்பத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி: பல வருடம் பயன்படுத்திய பிறகு

நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிற வேலை எனக்கு. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லெர்னர்ஸ் டிக்ஷனரியைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன், முதலில் தடிப் புத்தகமாக, இப்போது அவர்களுடைய இலவச இணையதளத்தில். அர்த்தம் மட்டும் பார்க்க எந்த அகராதியும் போதும். ஆனால் அதிகம் புழங்காத ஒரு சொல்லை வாக்கியத்தில் வைக்கும்போது முன்னால் எந்த ஆர்ட்டிகிள், 'எ' வருமா, 'தி' வருமா, ஒன்றுமே வேண்டாமா என்று கை நின்றுவிடும் பாருங்கள், அங்கேதான் இதன் அருமை தெரியும்.

சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும், பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சி (இணையதளத்தில் 'கவுன்டபிள்' என்று முழுதாக) என்றால் எண்ணக்கூடியது, யூ (அங்கே 'அன்கவுன்டபிள்') என்றால் எண்ண முடியாதது, சிங்குலர் என்றால் ஒருமையில் மட்டும் வருவது. பற்றாக்குறையைச் சொல்லும் 'டெர்த்' சிங்குலர், அதனால் 'எ டெர்த் ஆஃப்'. பெருஞ்சேதத்தைச் சொல்லும் 'ஹேவக்' யூ, ஆகவே 'ரீக் ஹேவக்', நடுவில் எதுவும் கிடையாது. 'நாலெட்ஜ்'தான் வேடிக்கை, அதற்கு யூ, சிங்குலர் இரண்டும் உண்டு. ரெஸ்யூமேயில் 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் ஜாவா' என்று போடலாம், 'நாலெட்ஜஸ்' என்று பன்மையாக்கினால் போச்சு.

இந்த அகராதியின் மூலம் 1942இல் டோக்கியோவில் அச்சானது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் இன்னும் இருவரும் தொகுத்தது. ஜப்பானிய மொழியிலும் நம்மைப்போல ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால்தானோ என்னவோ நம் சந்தேகங்களுக்கும் இது பொருந்திப்போகிறது.

'எ'யா 'ஆன்'னா என்பதற்கு ஸ்பெல்லிங்கைப் பார்க்காமல் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேளுங்கள், அல்லது கேட்டதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். யகரத்தில் தொடங்கும் 'யூலஜி'க்கு (புகழுரை) எ, உயிரெழுத்தில் தொடங்கும் 'ஏர்லூம்'க்கு (பரம்பரைப் பொருள்) ஆன், 'எம்பிஏ'வுக்கும் ஆன்.

சரி, குறை? ரொம்ப அபூர்வமான சொற்கள் மாணவர் அகராதி எதிலும் இருக்காது. அப்படிப்பட்ட சொல்லை மின்னஞ்சலில் போடாமல் இருப்பதே மேல் என்று விட்டுவிடுகிறேன். அப்புறம் 'தி' விஷயத்தில் எந்த அகராதியும் பாதி வழிதான் வரும். மேலாளருக்கு 'ஐ சென்ட் தி ரிப்போர்ட்' என்று எழுதினால் எந்த ரிப்போர்ட் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும், தெரியாது என்றால் 'எ'தான்.