ராக்காவலுக்கு ஒரு இருக்கை: நாலு வருஷம் உட்கார்ந்து பார்த்ததில்

எங்கள் தோட்டம் பாலக்காடு மாவட்டம், வடகரப்பதி பக்கம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சாமான் வாங்கக் கோயம்புத்தூர். ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு, மீதி தென்னை. வாளையார் மலைப்பக்கமிருந்து காட்டுப்பன்றி இறங்க ஆரம்பித்த பிறகு ராக்காவல் வாடிக்கையாகிவிட்டது. கிழங்கைத் தோண்டுவது போதாதென்று போன வருஷம் வைத்த தென்னங்கன்றையும் குருத்தோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும்.

2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. அதற்காக யாரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. பஞ்சாயத்துப் பட்டியலில் உள்ள லைசன்ஸ்காரர்தான் சுடலாம். விஷம், வெடி, கரண்ட் கம்பி எதுவும் ஆகாது. சுட்டதைக் கறி வைக்காமல் புதைத்துவிட வேண்டும். சுடுகிற சேட்டன் வரும் நாட்களில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மூச்சுக் காட்டாமல் இருப்பது என் வேலை. மற்ற நாட்களில் தனியாக உட்கார்ந்து தகர டின்னைத் தட்டுவேன். எப்படியானாலும் இரவு ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்தாக வேண்டும்.

ஆரம்பத்தில் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிதான். தண்ணீர் பாய்ச்சிய மண்ணில் பின்னங்கால் இரண்டும் இறங்கி, ஆளை மல்லாக்கத் தள்ளிவிடும். நாலு நாளில் அதை விட்டேன். அப்புறம் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிளாஸ்க், போர்வை, உபரி பேட்டரி எல்லாம் உள்ளே போய்விடும். மூடி போட்டு மேலே சாக்கை மடித்து வைத்தால் இருக்கை தயார். முக்கால் மணி நேரம் சுகம்தான். அதற்குமேல் விளிம்பு தொடைக்கு அடியில் அறுத்து, முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகும். முழங்கால் தெரியாமல் பட்டுவிட்டால் பறை அடித்த மாதிரி சத்தம்.

மூன்றாவது, துணி வைத்த மடக்கு முக்காலி. எடை முக்கால் கிலோகூட இருக்காது, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். கட்டாந்தரையில் குறை சொல்ல முடியாது. ஈர மண்ணில் மட்டும் ஏதாவது ஒரு கால் புதையும், மற்ற இரண்டும் மேலே நிற்கும். சேட்டன் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோன நேரம் பார்த்து நான் சாய்ந்தேன். பன்றி போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த முறை உட்காரும் முன்பே “அனங்கண்டா” என்றார், அசையாதே என்று.

பிறகுதான் ஆன்லைனில் அந்த லேசான கேம்பிங் நாற்காலி வாங்கினேன். 3,500 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, எடை ஒரு கிலோ. அலுமினியக் குழாய்களுக்குள் எலாஸ்டிக் கயிறு ஓடும். உதறினால் குழாய்கள் தாமாகவே ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொள்ளும், மேலே துணியை மாட்டினால் தூளி மாதிரி உடம்பை வாங்கிக்கொள்ளும். முதல் மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேன்.

குறை மெதுவாகத் தெரிந்தது. இருக்கை தரையிலிருந்து ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலேதான், அதனால் முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கும். நைலான் துணி, அசைந்தால் சரசரவென்று கேட்கும். பன்றிக்குக் கண் மந்தம், காதும் மூக்கும் அப்படியில்லை. துணியின் புது வாசனை போக அதை ஒரு வாரம் மாட்டுக்கொட்டகையில் தொங்கவிட்டேன். சரசரப்புக்குத்தான் வழி இல்லை.

அதை ஒதுக்க வைத்தது யானை. ஒரு மாசி மாத இரவு பக்கத்துத் தோட்டத்தில் மட்டை முறிகிற சத்தம். நாயா, பன்றியா என்று யோசிப்பதற்குள் வாழை மொத்தமாகச் சரிந்தது. ஒற்றை யானை, முந்நூறு அடி இருக்கும். நான் எழப் பார்த்தேன். இடுப்பு துணிக்குள் அமிழ்ந்து கிடக்கிறது, கை ஊன்ற இடமில்லை. இரண்டாம் தடவை முன்னால் குனிந்து தரையில் கை வைத்துத்தான் எழுந்தேன். யானை என் பக்கம் வரவில்லை என்பது என் அதிர்ஷ்டம். பதினாலு மாதத்தில் குழாய் முனை செருகும் துணி மூலையும் கிழிந்தது. கேட்டதற்கு, வாரண்டி குழாய்ச் சட்டத்துக்கு மட்டும்தான், துணிக்கு இல்லை என்று விற்றவர் கைவிரித்துவிட்டார்.

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து காவல் இடம் வரை எண்ணிப் பார்த்தேன், நானூறு காலடி. இந்த நானூறு காலடிக்காகவா ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்! மலையேறுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. எனக்கு வேண்டியது இரண்டுதான்: சத்தம் வரக்கூடாது, கையை ஊன்றாமல் எழ முடிய வேண்டும்.

இப்போது இரண்டு வருஷத்துக்கு மேலாக இருப்பது முதுகுச் சாய்வு உள்ள, கைப்பிடி இல்லாத, நாலு கால் மடக்கு இருக்கை. உயரம் 45 செ.மீ., எடை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கைப்பிடி இருந்தால் டார்ச் பிடிக்கிற முழங்கை இடிக்கும். வாங்கிய வாரமே எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்து, பாலியெஸ்டரை எடுத்துவிட்டுப் பருத்திக் கேன்வாஸ் போட்டேன். சரசரப்பு நின்றது. ஆனால் கேன்வாஸ் பனியைக் குடிக்கும், காலையில் கனக்கும், வெயிலில் போடாவிட்டால் பூசணம் பிடிக்கும். மேலே பழைய யோகா பாயில் ஒரு துண்டு வெட்டிப் போட்டிருக்கிறேன், ஈரம் ஏறுவதில்லை.

காலுக்கு டென்னிஸ் பந்து. கத்தியால் கூட்டல் குறிபோலக் கீறி நாலு காலிலும் மாட்டிவிட்டேன். அகலமாக அமர்வதால் மண்ணில் இறங்குவது குறைந்தது, கல்லில் பட்டாலும் சத்தமில்லை. ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. மடிக்கும் ஆணிகள் கிரீச்சிட்டபோது தேங்காய் எண்ணெய் விட்டேன். அன்றிரவு பதினோரு மணிக்குக் கட்டெறும்பு வரிசை கட்டி ஏறி வந்தது. கடித்த இடமெல்லாம் எழுதக்கூடியதல்ல. இப்போது மெழுகுவர்த்திதான் தேய்க்கிறேன்.

எந்த இருக்கையானாலும் போடும் இடம் தவறினால் பயனில்லை. மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கிழக்குக் காற்று இரவெல்லாம் அடிக்கும். பன்றி வரும் தடத்துக்கு மேற்கே உட்கார்ந்தால்தான் நம் வாடை அதற்குப் போகாது. காற்று நேரே முகத்தில் அறையும், கண்ணில் நீர் வழியும், என்ன செய்வது. கொசுவத்தியும் கூடாது என்பது சேட்டன் உத்தரவு. பாம்பு பயத்துக்கும் தரையோடு ஒட்டிய இருக்கையைவிட இந்த உயரம் மனசுக்குத் தெம்பு.

வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழாதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அப்புறம் இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள்.

அந்த 3,500 ரூபாய் நாற்காலியின் மூலையை வீட்டுக்காரி ஜீன்ஸ் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வாசலில் போட்டேன். அப்பா ஒருமுறை ஆசையாக உட்கார்ந்தார். எழுப்ப நானும் பையனும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அதில் பையன்தான் செல்போனும் கையுமாகக் கிடக்கிறான்.