பீச்கிராஃப்ட் பொனான்ஸா வி35பி: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின், இரண்டு சுவிட்சுகளைப் பற்றி

அமெரிக்காவில் என்னைப் போலவே சிறு விமானம் ஓட்டும் நண்பர் ஒருவர், பீச்கிராஃப்ட் நிறுவனத்தின் ஒற்றை எஞ்சின் விமானமான பொனான்ஸாவில் வி வடிவ வால் கொண்ட ஒன்று, அதே வயதுடைய, வழக்கமான வால் கொண்ட நேர்வால் பொனான்ஸாவைவிடக் குறைந்த விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். பறக்கும்போது அந்த வால் முறிந்துவிடுமா என்பதே அவருடைய உண்மையான கேள்வி என்பது எனக்குத் தெரியும். இந்த விமானத்தைப் பற்றி யார் பேசினாலும் வாலில் தொடங்கி வாலிலேயே முடிக்கிறார்கள். 1970களில் கட்டப்பட்ட, வி வால் மாடல்களில் கடைசியான வி35பி ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருபவன் என்ற முறையில், வாலைப் பற்றிய பதிலை முதலில் தந்துவிடுகிறேன். ஆனால் இத்தனை ஆண்டுகளில் என் மனத்தை விட்டு அகலாத குறை இருப்பது கருவிப் பலகையின் கீழ்ப்பகுதியில், விமானியின் கைக்கு எட்டும் இரண்டு சுவிட்சுகளில்.

பொனான்ஸா முதன்முதலில் பறந்தது 1945 டிசம்பர் 22ஆம் நாள். விற்பனைக்கு வந்தது 1947இல். எடையையும் காற்றின் எதிர்ப்பையும் குறைப்பதற்காக, வழக்கமான மூன்று வால் பரப்புகளுக்குப் பதிலாகச் சாய்வான இரண்டே பரப்புகள் வைக்கப்பட்டன. 1951இல் வந்த சி35 மாடலில் அந்தப் பரப்புகள் அகலமாக்கப்பட்டபோது, அவற்றின் முன்விளிம்பு, அவற்றைத் தாங்கும் முதன்மை உட்சட்டத்துக்கு முன்னால் நீண்டு, உடற்பகுதியுடன் பிணைக்கப்படாமல் நின்றது. மேகத்துக்குள் நுழைந்து திசையுணர்வை இழந்த விமானி, சுழன்று கீழிறங்கும் விமானத்தின் வேகம் எல்லை மீறிய பிறகு கட்டுப்பாட்டைப் பலமாகப் பின்னிழுக்கும்போது, அந்த முன்விளிம்பு முறுக்கிக்கொண்டு வால் சிதைந்துபோனது. இத்தகைய விபத்துகளில் பெரும்பாலானவற்றின் முதற்காரணம், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியில்லாதவர்கள் மேகத்துக்குள் சென்றதுதான். ஆயினும், அதே இறக்கையையும் ஏறத்தாழ அதே உடலையும் கொண்ட நேர்வால் பொனான்ஸாவான 33 வரிசை, இவ்வாறு வானில் உடைந்துபோனது மிகக் குறைவு என்பதால், வி வாலில் பாதுகாப்பு இடைவெளி குறைவாக இருந்தது என்பதையும் மறைக்க முடியாது. 1980களில் நடந்த மறுஆய்வுகளுக்குப் பிறகு, 1987இல் வெளியான ஆணை ஒன்று, சி35 முதல் வி35பி வரையான விமானங்களின் வால் அடிப்பகுதியில் வலுவூட்டும் பாகங்களைப் பொருத்துவதைக் கட்டாயமாக்கியது. வாங்க நினைப்பவர் பராமரிப்புப் பதிவேட்டில் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாலின் அசையும் பரப்புகளுக்கு மேல் இருக்கும் மெக்னீசியத் தகடு அரித்திருக்கிறதா, வண்ணம் பூசிய பிறகு அப்பரப்புகளின் எடைச் சமநிலை சரிபார்க்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். மாற்றுத் தகடு கிடைப்பது பல ஆண்டுகள் கடினமாக இருந்ததும் விலைக் குறைவுக்கு ஒரு காரணம்.

பொனான்ஸாவின் மிகவும் அறியப்பட்ட விபத்து 1959 பிப்ரவரி 3ஆம் நாள் அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் அருகே நிகழ்ந்தது. பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன் ஆகியோரும் இருபத்தோரு வயது விமானியும் அதில் இறந்தனர். அது 1947ஆம் ஆண்டின் முதல் மாடல். குறுகிய வால் கொண்டது. விபத்துக்குக் காரணம் வால் அன்று. பனி பெய்த நள்ளிரவில், கருவிவழிப் பறத்தலுக்குத் தகுதிச் சான்று இல்லாத விமானி புறப்பட்டதையே விசாரணை அறிக்கை முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டது. வானிலைத் தகவல் சரியாகத் தரப்படாததையும், விமானத்தின் சாய்நிலையைக் காட்டும் கருவியில் அவருக்குப் பழக்கமில்லாததையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. அவர் பழகியிருந்த கருவிக்கு நேர்மாறாக, மூக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைக் காட்டும் ஸ்பெர்ரி நிறுவனத்தின் கருவி அந்த விமானத்தில் இருந்தது. இந்த விபத்தை ஏன் இங்கே குறிப்பிடுகிறேன் என்றால், நான் சொல்ல வந்த குறையும் இதே இனத்தைச் சேர்ந்தது. ஒரு விமானத்தில் கற்ற பழக்கம், தலைகீழாக அமைக்கப்பட்ட இன்னொரு விமானத்தில், நினைத்துப்பார்க்க நேரமில்லாத நொடியில் எதிராகத் திரும்பிவிடுகிறது.

இன்னொரு சிறு விமான நிறுவனமான செஸ்னாவின் உள்ளிழுக்கும் சக்கர மாடல்களில் சக்கரங்களை ஏற்றி இறக்கும் நெம்புகோல், எஞ்சின் கட்டுப்பாடுகளுக்கு இடப்பக்கத்திலும், மெதுவாகப் பறக்க உதவும்படி இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகைகளான ஃபிளாப்புகளை இயக்குவது வலப்பக்கத்திலும் இருக்கும். பொனான்ஸாவில் இது மாறியிருக்கிறது: ஃபிளாப் இடப்பக்கம், சக்கரம் வலப்பக்கம். தரையிறங்கிய உடனே ஃபிளாப்புகளை மேலே எடுத்தால் எடை சக்கரங்களுக்கு இறங்கி பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று பலருக்கும் பயிற்சியிலேயே கற்பிக்கப்படுகிறது. அவ்வாறு பழகியவரின் கை, ஓடுபாதையில் விமானம் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது வலப்பக்கத்துச் சுவிட்சைத் தேடிப் போகிறது. பொனான்ஸாவில் அங்கே இருப்பது சக்கரங்களின் சுவிட்ச். அதை வெளியே இழுத்துத்தான் மேலே தள்ள வேண்டும் என்ற தடை உண்டு. ஆனால் செய்வது சரி என்று நம்புகிற கைக்கு அது தடையே இல்லை. விமானத்தின் எடை சக்கரத் தூணை அழுத்தியிருக்கும்போது மோட்டாருக்கு மின்சாரம் போகாதபடி ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் உண்டு. அதுவும் முழுமையானதன்று: தரைதொட்ட முதல் சில நொடிகளில் எடையில் பெரும்பகுதியை இறக்கைகளே தாங்கிக்கொண்டிருப்பதால், தூண் முழுவதுமாக அமுங்கியிராது. சக்கரங்கள் மடங்கத் தொடங்கினால், சுழலும் விசிறி தரையில் அடிபட்டு, எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை வரும். பழைய விமானமாக இருந்தால், பழுதுபார்க்கும் செலவு விலையைத் தாண்டிவிட்டது என்று காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாக எழுதிவிடும். யாரும் சாவதில்லை; ஆகவே செய்தியாவதும் இல்லை. வாலைப் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கேட்காததற்குக் காரணம் அதுதான்.

இது என்னுடைய தனிப்பட்ட எரிச்சல் மட்டுமன்று. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 1975 முதல் 1978 வரை நடந்த இவ்வகை விபத்துகளைத் தனியாக ஆராய்ந்து 1980இல் ஒரு சிறப்பறிக்கை வெளியிட்டது. உள்ளிழுக்கும் சக்கரங்கள் கொண்ட ஒற்றை எஞ்சின் விமானங்களில் பொனான்ஸாவின் பங்கு ஏறக்குறைய 30 விழுக்காடுதான்; ஆனால் அவ்வகையில் நிகழ்ந்த 24 விபத்துகளில் 16 பொனான்ஸாவுக்கு உரியவை. அதே அமைப்பைக் கொண்ட, ‘பேரன்’ (Baron) என்ற பீச்கிராஃப்டின் இரட்டை எஞ்சின் விமானத்திலும் கணக்கு இவ்வாறே இருந்தது. வழக்கத்துக்கு மாறான இடம், போதாத வடிவ வேறுபாடு, போதாத தடுப்பு ஆகியவற்றோடு, விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் தாங்கும் குறுக்குத் தண்டு சுவிட்சுகளைப் பார்வையிலிருந்து மறைப்பதையும் வாரியம் காரணமாகச் சுட்டியது. இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தத் தண்டின் குறை உடனே புரியும். தலையைச் சற்றுக் குனியாமல் எந்தச் சுவிட்சின் மேல் விரல் இருக்கிறது என்று உறுதி செய்ய முடிவதில்லை.

எனக்குக் கோபம் வருவது இதன் காலவரிசையை நினைக்கும்போதுதான். இரண்டாம் உலகப் போரின்போதே பி-17 குண்டுவீச்சு விமானங்கள் நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு சக்கரங்களை மடக்கிக்கொண்டு விழுந்தன. ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர், ஒரே மாதிரியான சுவிட்சுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே காரணம் என்று கண்டறிந்து, சக்கரத்துக்குரிய பிடியில் சிறிய ரப்பர் சக்கரத்தையும் ஃபிளாப்புக்குரிய பிடியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். விமானியைக் குறை கூறுவதை விட்டுவிட்டு அமைப்பைத் திருத்த வேண்டும் என்ற அறிவு, பொனான்ஸா பிறப்பதற்கு முன்பே இருந்தது.

நியாயமாகப் பார்த்தால், பீச்கிராஃப்டின் ஊரான விச்சிட்டாவில் 1945இல் வரைபலகையின் முன் இருந்தவர்களைக் குறை கூறுவதற்கும் எனக்கு மனம் வரவில்லை. சிறு விமானங்களில் எது இடம், எது வலம் என்று அப்போது பொது வழக்கம் எதுவும் உருவாகியிருக்கவில்லை. போட்டி விமானங்களான பைப்பர் கோமான்சியும் செஸ்னா 210உம் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து வந்தவை. பொனான்ஸா முதலில் வந்தது, பிறர் வேறு வழியில் போனார்கள். பழைய பொனான்ஸா உரிமையாளர் புதியதை வாங்கும்போது அவருக்குப் பழக்கமான இடத்திலேயே சுவிட்ச் இருக்க வேண்டும் என்ற வாதத்திலும் ஓரளவு பொருள் உண்டு. ஆனால் 1980 அறிக்கைக்குப் பிறகும் மாற்றம் வரச் சில ஆண்டுகள் ஆயின. 1984ஆம் ஆண்டின் மாடல்களில்தான் கருவிப் பலகை மாற்றியமைக்கப்பட்டு, இரு சுவிட்சுகளும் பிற விமானங்களில் உள்ளபடி வைக்கப்பட்டன. வி வால் உற்பத்தி 1982இலேயே நின்றுவிட்டது. ஆகவே, உலகில் இருக்கும் ஒவ்வொரு வி வால் பொனான்ஸாவும் தலைகீழான சுவிட்சுகளோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

இத்தனையும் எழுதிய பிறகு, இதை ஓட்டுவதில் இருக்கும் இன்பத்தைச் சொல்லாவிட்டால் அநீதியாகும். விரல் நுனியின் அழுத்தத்துக்கே இணங்கும் ஏலரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகைகள்), 285 குதிரைத்திறனில் மணிக்கு 160 கடல் மைலுக்கு மேல் அமைதியாகச் செல்லும் வேகம், தரைதொடுவதே தெரியாதபடி இறக்கிவிடும் சக்கரத் தூண்கள் ஆகியவற்றுக்கு இணையாக, இந்த வகுப்பில் நான் ஓட்டிய வேறெதிலும் கண்டதில்லை. கலங்கிய காற்றில் வால் இடமும் வலமும் ஆடுவது பின்னிருக்கையில் இருப்பவரின் வயிற்றைச் சோதிக்கும். எரிபொருள் கலங்கள் இறக்கையின் முன்பகுதியில் இருப்பதால், எரியெரிய எடைமையம் பின்னே நகரும். பின்னால் ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றினால், புறப்படும்போது எல்லைக்குள் இருக்கும் விமானம், இறங்கும்போது எல்லைக்கு வெளியே போய்விடக்கூடும். இவையெல்லாம் காகிதத்தில் கணக்கிட்டுத் தவிர்க்கக்கூடியவை. சுவிட்சைக் கணக்கிட்டுத் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு தரையிறக்கத்திலும் ஒழுக்கத்தால் மட்டுமே தவிர்க்க முடியும். களைத்த மாலையில், குறுக்குக் காற்றில், கட்டுப்பாட்டு அறை அவசரமாக ஏதோ கேட்கும்போது, அந்த ஒழுக்கத்தை நம்பியிருப்பது எனக்கு ஒருபோதும் மனநிறைவு தந்ததில்லை.

என்னுடைய விமானத்தை நான் விற்கப் போவதில்லை. இருந்தும் அந்த வி வாலை வாங்க வேண்டாம், கூடுதலாகப் பணம் சேர்த்து 1984க்குப் பிந்தைய நேர்வால் பொனான்ஸாவான எஃப்33ஏ அல்லது ஏ36 ஒன்றைத் தேடுங்கள் என்றே நண்பருக்கு எழுதியிருக்கிறேன். பயிற்சி முழுவதையும் செஸ்னாவிலேயே பெற்ற அவருடைய கைகளை எனக்குத் தெரியும். அதையும் மீறி அவர் வாங்கினால், இந்த மாடலை நன்கு அறிந்த பயிற்றுநருடன் சில காலம் பறக்க வேண்டும். தரையிறங்கிய பின், ஓடுபாதையை விட்டு வெளியே வந்து விமானத்தை முழுவதுமாக நிறுத்தி, எந்தச் சுவிட்ச் என்று கண்ணால் பார்த்து வாயால் சொல்லும் வரை, ஃபிளாப் உட்பட எதையும் தொடக்கூடாது. ஓடுபாதை நீளம் போதாமல் பிரேக்குக்காக ஃபிளாப்பை உடனே எடுத்தாக வேண்டும் என்று தோன்றுகிற இடமாக இருந்தால், அந்த ஓடுபாதைக்கு இந்த விமானத்தைக் கொண்டுபோகக் கூடாது.