வாசிப்பு, எழுத்து, கணக்கு: பிள்ளைகளுக்கு எந்தத் தேர்வை வைப்பது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில் ஒரு கிராம நூலகத்தை ஒட்டி மாலை வகுப்பு நடத்தும் எங்களுக்கு, கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு முடிவு தேவைப்பட்டது: வரும் பிள்ளைகளின் வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் எந்தத் தேர்வால் அளப்பது? ரப்பர் பால் வெட்டும் குடும்பத்துப் பிள்ளைகளும் கடற்கரைப் பிள்ளைகளும், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிப்பவர்களும் தனியார் பள்ளியில் ஆங்கிலவழியில் படிப்பவர்களும், வீட்டில் மலையாளம் பேசுபவர்களும் ஒரே அறைக்கு வருகிறார்கள். எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதை மட்டும் நம்பி இவர்களைக் குழுக்களாகப் பிரிக்க முடியாது. மூன்று வழிகளைப் பரிசீலித்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கவும் கணக்குப் போடவும் சொல்லி நிலையைக் கண்டறியும் அசர் (ASER) கருவியைத் தேர்ந்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எல்லாருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுக்கும் எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரைவில் முடியும், திருத்துவது எளிது. ஆனால் வினாவை வாசிக்கத் தெரியாத பிள்ளை கணக்கிலும் தோற்றுப்போகும். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கச் சொன்னால், அறிந்து குறித்ததும் குத்துமதிப்பாகக் குறித்ததும் தாளில் ஒன்றுபோலவே தெரியும். 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளுக்கு நடந்த தேசிய அடைவு ஆய்வும் இத்தகைய வினாக்களைக் கொண்டதுதான். ஆனால் மாவட்டமும் மாநிலமும் எங்கே நிற்கின்றன என்று காட்டுவதே அதன் நோக்கம்.

அடுத்தது, அமெரிக்காவில் 1946இல் முதலில் வெளிவந்து, 2017இல் ஐந்தாம் பதிப்பைக் கண்ட வைட் ரேஞ்ச் அச்சீவ்மென்ட் டெஸ்ட். சொல் வாசிப்பு, வாக்கியம் புரிதல், எழுத்துக்கூட்டல், கணக்கு என நான்கு பகுதிகள் கொண்டது. ஐந்து வயதுப் பிள்ளை முதல் எண்பது கடந்த முதியவர் வரை வைக்கலாம். சராசரியை 100 என்று கொண்டு, ஒரே வயதினருடன் ஒப்பிட்டு மதிப்பெண் தருகிறது. எழுத்துக்கூட்டலுக்குத் தனி இடம் கொடுத்திருப்பதில் மற்ற இரண்டையும் விட இது மேலானது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் சொற்கள் அனைத்தும் ஆங்கிலம். ஒப்பிடப்படும் வயதினர் அமெரிக்கர்கள். குலசேகரத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த மதிப்பெண் எதையும் உணர்த்தாது.

அசர், பிரதம் என்னும் தன்னார்வக் கல்வி அமைப்பு 2005 முதல் ஊரக வீடுகளுக்குச் சென்று நடத்தும் ஆய்வின் கருவி. ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், ஒரு தாள். முதலில் முதல் வகுப்பு நிலையில் உள்ள ஒரு பத்தியை வாசிக்கச் சொல்ல வேண்டும். தடையின்றி, மூன்று பிழைகளுக்கு மிகாமல் வாசித்தால் இரண்டாம் வகுப்பு நிலைக் கதைக்கு ஏற்றலாம்; இல்லையெனில் சொற்களுக்கும், அதுவும் வராவிட்டால் எழுத்துகளுக்கும் இறங்க வேண்டும். கணக்கும் அப்படியே: கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கணக்கில் தொடங்கி, வந்தால் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல், வராவிட்டால் எண்ணறிதல். பிள்ளை எந்தப் படியில் நின்றதோ, அதுவே மறுநாள் அமர வேண்டிய குழு.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, ஒரே தேர்வை மறுபடி வைக்க முடியுமா என்ற கேள்வி. முதல் தேர்வு குழு பிரிப்பதற்கு மட்டுமே உதவும். நாங்கள் கற்றுத்தந்தது சேர்ந்ததா என்பதை, சில மாதங்கள் கழித்து வைக்கும் இரண்டாம், மூன்றாம் தேர்வுகள்தாம் சொல்லும். எழுத்துத் தேர்வில் பழைய தாளையே மீண்டும் கொடுத்தால், அக்கா எழுதியதைத் தம்பி அறிந்துகொண்டு வருவான். புதிய தாள் தயாரித்தால், மதிப்பெண் கூடியது பிள்ளை வளர்ந்ததாலா, தாள் எளிதாகிவிட்டதாலா என்று பிரித்தறிய வழியில்லை. அமெரிக்கத் தேர்வுக்கு நீலம், பச்சை என இரண்டு இணைப் படிவங்கள் உண்டு. இது நேர்த்தியான ஏற்பாடுதான், ஆனால் படிவங்களை விலை கொடுத்து வாங்க வேண்டும், மூன்றாம் முறைக்குப் புதிய படிவமும் இல்லை. அசரில் ஒரே கடினநிலையில் அமைந்த பல மாதிரித் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சொல்லில் நின்ற பிள்ளை வேறொரு தாளில் பத்தியை வாசித்தால், பிள்ளையை அதே இடத்தில் வாசிக்கச் சொல்லி, அந்த முன்னேற்றத்தை எழுதப் படிக்கத் தெரியாத தாயிடமும் காட்டிவிடலாம். மதிப்பெண்ணை விளக்க வேண்டியதில்லை. இது ஒன்றுக்காகவே நான் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்வேன்.

குறைகள் உண்டு. ‘தடையின்றி’ என்பதை ஒருவர் தாராளமாகவும் மற்றவர் கண்டிப்பாகவும் எடுத்துக்கொள்வார். அதனால் தொடக்கத்தில் இருவர் சேர்ந்து ஒரே பிள்ளையைக் கேட்டு, தனித்தனியே நிலையைக் குறித்து, பிறகு ஒப்பிடுவது அவசியம். எழுத்துப்பிழையை அளக்க அசரில் எதுவும் இல்லை. கதையைச் சரளமாக வாசித்த பிள்ளைகள்கூட ல, ள, ழ வேறுபாட்டிலும் ர, ற வேறுபாட்டிலும் ஒற்று மிகும் இடங்களிலும் தடுமாறுவதைக் கண்டு, சொல்வதை எழுதுதலுக்கு நாங்களே ஒரு சொற்பட்டியல் சேர்த்தோம். அந்தப் பட்டியலின் கடினநிலை எவ்வளவு சீரானது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு அனுபவம் போதாது. கதையும் வகுத்தலும் வந்துவிட்ட பிள்ளைக்கு மேலே ஏறப் படியும் இல்லை. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களில் பலருக்கு இது போதாமல் போகலாம்.

பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் எழுத்து நிலையிலேயே நிற்கும் பிள்ளையின் நிலை வேறு. கற்றல் குறைபாடு உண்டா என்பதை இந்த மூன்றில் எதை வைத்தும் எங்களைப் போன்றோர் முடிவு செய்யலாகாது. பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருப்பதால், பெற்றோர் அதை மறைக்கத் தேவையில்லை. ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கு அசரின் ஆங்கில வாசிப்புத் தாளை இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம்; ஒரு கல்வியாண்டாவது கழிந்தபின்பே அதைப் பற்றி நம்பிக்கையோடு எழுத முடியும்.