பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் வந்தாச்சு, பில் குறைந்ததா? 11 மாத அனுபவம்

எங்கள் ஊர் பஞ்சாயத்து அலுவலகம் வரை அரசு ஃபைபர் கேபிள் வந்து, அங்கிருந்து வீடுகளுக்கு இழுத்துக் கொடுக்கும் லைனை எடுத்து 11 மாதம் ஆகிறது. மன்னார்குடிப் பக்கம் சின்ன ஊர், 300 வீடு இருக்கும். லைன் கொடுப்பவர் எங்கள் ஏரியா கேபிள் டிவிக்காரர்தான். நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதப்போவதால் பெயர் வேண்டாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அரசாங்கமே கேபிள் போட்டுட்டாங்களே, இனிமே நெட்டு சல்லிசா கிடைக்குமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் லைன். 50 எம்பிபிஎஸ் பிளான், வரியெல்லாம் சேர்த்து மாதம் 500 ரூபாய். வீட்டில் மாட்டும் மோடம் பெட்டிக்கு 1,500 வாங்கினார், லைன் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் 1,000 தருவதாக வாயால் சொன்னார், ரசீதில் அப்படி எதுவும் இல்லை. காலையில் வேகம் 48, 49 என்று நிற்கும். ராத்திரி 8 மணிக்கு மேல் 22க்கு இறங்கும், கிரிக்கெட் மேட்ச் இருந்தால் 15. ஆனால் அந்த 15லும் டிவி திக்காமல் திணறாமல் ஓடுகிறது, மகள் பக்கத்து அறையில் வகுப்பு கேட்கிறாள், ஆகவே வேகத்தைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை.

புகார் என்றால் லைன் அறுவதுதான். 11 மாதத்தில் 6 முறை. இரண்டு முறை அணில் கடித்தது, ஒரு முறை வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தாழ்வாகத் தொங்கிய ஒயரை இழுத்துக்கொண்டே போய்விட்டது, மற்ற மூன்றுக்கும் காரணம் யாருக்கும் தெரியாது. பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். போன் போட்டால் "வந்துட்டே இருக்கேண்ணே" என்பார், வந்து சேர இரண்டு நாள். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் நாலு ஊருக்கு ஒரே ஒன்று, அதுவும் அவருடையது இல்லை, டவுனில் வாடகைக்கு எடுப்பது. ஒரு தடவை எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் ஒட்டினார். தோலை உரித்து, தலைமுடி மாதிரி இருக்கும் கண்ணாடி இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு முனையையும் மெஷினுக்குள் வைத்து மூடினால், சின்னத் திரையில் இரண்டு கோடு மெதுவாக நெருங்கி வந்து ஒட்டிக்கொள்கிறது. மொத்தம் பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்துக்கு இரண்டு நாள் காத்திருப்பதுதான் இந்தச் சேவையின் உண்மையான தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இந்த அரசு கேபிளும் பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலேதான் போகிறது, மண்ணுக்கடியில் போவது கொஞ்சம்தான். செலவும் நேரமும் மிச்சம், சரி. ஆனால் 2018 கஜா புயலைப் பார்த்த டெல்டாக்காரன் யாரும் மின்கம்பத்தை நம்பி எதையும் கட்டமாட்டான்.

இப்போது விலை. பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் கேபிள் போடும் இந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது, நாடு முழுக்க இரண்டரை லட்சம் பஞ்சாயத்து, இரண்டே வருஷத்தில் முடிப்பதாகப் பேச்சு. 2015ல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. நம் மாநிலத்தில் 12,525 பஞ்சாயத்துகளுக்கு இழுக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் என்கிற தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷனுக்கு. 2020ல் டெண்டர் நிபந்தனைகளில் பிரச்சினை என்று மத்திய அரசு ரத்து செய்யச் சொல்லி, மறு டெண்டர் விட்டு, வேலை ஆரம்பித்தது 2022ல். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு திட்டத்தைத் திருத்தி இன்னும் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியது. பணம் எங்கிருந்து என்றால், டெலிகாம் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதம் கட்டும், கிராமங்களுக்கும் போன், நெட் கொண்டுபோவதற்கான சேவை நிதியிலிருந்து. கம்பெனி வருமானம் என்பது நாம் செய்யும் ரீசார்ஜ்தானே? ஆகவே இந்தக் கேபிளுக்கு நாம் ஏற்கனவே காசு கட்டியாயிற்று. "இலவசமாகவா தரப்போறான்" என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

நம் ஆட்கள் மனதில் இருப்பது அரசு கேபிள் டிவி. 2011ல் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது, ஊரில் 150, 200 வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், அங்கே வீட்டுக்காரர் கொடுக்க வேண்டிய தொகையையே அரசு நிர்ணயித்தது. எங்கள் ஊரில் அரசு கொண்டுவந்தது பஞ்சாயத்து வரை வரும் தடித்த கேபிள் மட்டும்தான். அதற்கப்புறம் தெருவுக்கு இழுப்பது, பெட்டி மாட்டுவது, அறுந்தால் ஒட்டுவது, பில் போடுவது எல்லாம் வேறு ஆள். வேறு மாதிரியும் நடக்கிறது, பிஎஸ்என்எல் மூலம் உள்ளூர் ஆட்களைச் சேர்த்து, வருமானத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு வீடுகளுக்கு லைன் கொடுக்கும் திட்டம். 2023ல் அதில் ஆரம்ப பிளான் 30 எம்பிபிஎஸ், 399 ரூபாய். அப்போது ஜியோ ஃபைபரின் ஆரம்ப பிளான் என்ன தெரியுமா? அதே 30 எம்பிபிஎஸ், அதே 399. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் இரண்டுமே 471 ரூபாய் கிட்டே. அரசு பணத்தில் போட்ட கேபிளில் வருவதும், முதலாளி பணத்தில் போட்ட கேபிளில் வருவதும் வீட்டு வாசலில் ஒரே விலைதான்.

ஏன் என்று எங்கள் கேபிள்காரரிடமே கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து வசூல் நோட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். 500ல் 76 ரூபாய் ஜிஎஸ்டி, அது நேராகப் போய்விடும். மீதி 424. அதில் பாதிக்கு மேல், அவருக்கு லைசன்ஸும் நெட்டும் கொடுக்கும் மேலிடத்துக் கம்பெனிக்கு. அப்புறம் வசூலுக்குப் போகும் பையன் சம்பளம், ஒயர், பெட்டி, மெஷின் வாடகை, கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டர். முன்பு டவுனிலிருந்து 14 கிலோமீட்டர் ஃபைபர் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாராம், இப்போது பஞ்சாயத்திலேயே கிடைப்பதால் அது குறைந்தது. அவர் கணக்குப்படி, ஒரு வீட்டுக்கு 40 ரூபாய் மிச்சம். "அந்த நாப்பதையும் கொடுத்துட்டா நான் எதைத் திங்கிறது" என்றார். நியாயம்தான். ஆனால் இதைச் சொல்லும்போது நோட்டை மூடிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் விலை குறையவே இல்லையா? குறைந்தது, ஆனால் வேறு வழியில். எங்கள் ஊரில் இவருக்கு முன்னால் வேறு ஒருவர் மட்டும் நெட் கொடுத்துக்கொண்டிருந்தார், 40 எம்பிபிஎஸ், 650 ரூபாய். கேட்டால் "வேணும்னா எடு, இல்லைன்னா விடு" ரகம். பஞ்சாயத்துக்குக் கேபிள் வந்து முழுசாக அஞ்சு மாதம் அவர் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. எங்கள் கேபிள்காரர் 500க்கு லைன் இழுக்க ஆரம்பித்தார், மறு மாதமே முதல் ஆள் 499 என்று நோட்டீஸ் அடித்தார். வேகத்தையும் 60 ஆக்கினார். ஆக, குறைத்தது கேபிள் இல்லை, இரண்டாவது கடை. டவுன் வரை போய் ஃபைபர் வாடகைக்கு எடுக்க முடியாத சின்ன ஆள் ஒருவர் கடை போட முடிந்ததே, அந்த அளவுக்குக் கேபிளுக்குப் பங்கு உண்டு.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. மொபைல் டேட்டா விலை சரிந்தது 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாகக் கொடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது. அதுவே, சின்ன கம்பெனிகள் எல்லாம் மூடிப்போய் தனியாரில் மூன்று பேர் மிஞ்சிய பிறகு, 2024 ஜூலையில் மூன்று பேரும் ஒரே வாரத்தில் ஏற்றினார்கள். தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள் ஜியோ பேக் 239லிருந்து 299க்குப் போனது. அந்த வாரம் டவரோ கேபிளோ ஒன்றும் காணாமல் போய்விடவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு, வீட்டில் திட்டு வாங்கித் தந்த கணக்கு. முன்பு நாலு போனுக்கும் 299, மொத்தம் 1,196. லைன் போட்டால் மொபைல் செலவு குறையும் என்று சொல்லித்தான் மனைவியிடம் அனுமதி வாங்கினேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுக்குப் பிறகு 2025 தொடக்கத்தில் டேட்டா இல்லாத, பேச மட்டும் பேக் வந்தது, அம்மா போனையும் என் போனையும் அதற்கு மாற்றினேன். ஆனால் வெளியே போகிற இரண்டு பேருக்கும் டேட்டா வேண்டியிருக்கிறது. மொத்தத்தில் மாதச் செலவு 200 ரூபாய் போல ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. என்ன, அன்றைக்கு அன்றைக்கு ஒன்றரை ஜிபி என்று அளந்து குடித்தோம், இப்போது அளப்பதில்லை. அம்மா மதியம் முழுக்க கோயில் கும்பாபிஷேக நேரலை பார்க்கிறார்.

எடுக்கலாமா என்றால், ஊரில் இரண்டு பேர் லைன் கொடுத்தால் தைரியமாக எடுங்கள். ஒருவர்தான் என்றால் பேரம் பேசிப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. வருஷ சந்தா கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள், கட்டாதீர்கள், லைன் அறுந்த நாளில் நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அடுத்த மாதப் பணம்தான். பெட்டிக்கு வாங்கும் தொகைக்கு எழுத்தில் ரசீது கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஐந்துக்கு மூன்று மார்க் போடுகிறேன், அந்த மெஷின் சொந்தமாக வாங்கிவிட்டால் நாலு.

மூன்று கிலோமீட்டர் தள்ளி சித்தப்பா ஊர். அங்கேயும் பஞ்சாயத்துக்குக் கேபிள் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, கடை மட்டும் ஒன்றுதான், சித்தப்பா இன்னும் 650 கட்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் கேபிள்காரரை அங்கேயும் வரச் சொல்லிக் கேட்டேன். நடுவில் வாய்க்கால் இருக்கிறது, நாலு போஸ்ட் நட வேண்டும், 30 வீடு சேர்த்துக் கொடுத்தால் வருகிறேன் என்கிறார். சித்தப்பா வீடு வீடாகப் போய் இதுவரை 19 சேர்த்திருக்கிறார்.