ஆட்டிசம் குழந்தைக்கு கீபோர்டு வகுப்பு: வேளச்சேரியில் எங்கள் அனுபவம்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இசை வகுப்பு தேடுகிறவர்களுக்கு இது உதவலாம். வேளச்சேரியில் தன் வீட்டு மாடியிலேயே ஒரு டீச்சர் நடத்தும் கீபோர்டு வகுப்பு. இருக்கிற பிள்ளைகளுக்கே நேரம் போதவில்லை, பெயர் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை, ஆனால் எதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பது எந்த ஊரில் தேடினாலும் ஒன்றுதானே.

என் மகனுக்கு ஒன்பது வயது, பேச்சு குறைவு. ரயில்வே அறிவிப்புக்கு முன்னால் வரும் மணியோசையை நாள் முழுக்க முனகிக்கொண்டிருப்பான். முன்பு போன இடத்தில் அதை நிறுத்தச் சொல்லியே பாதி நேரம் போகும், ஆண்டு விழாவில் கையில் ஒரு ஜால்ராவைக் கொடுத்துக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள், அதையும் ஏதோ எங்களுக்குச் செய்த சலுகை மாதிரி சொன்னார்கள். இந்த டீச்சர் முதல் நாள் அவன் முனகியதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அதையே கீபோர்டில் வாசித்தார், வேண்டுமென்றே கடைசி சுரத்தை மட்டும் பக்கத்துக் கட்டையில் அழுத்தி. அவன் எழுந்து வந்து அவர் விரலைப் பிடித்துச் சரியான கட்டையில் வைத்தான். அவ்வளவுதான் அட்மிஷன் டெஸ்ட்!

ஒரு சுரத்தைக் கேட்டவுடனே இன்னதென்று பிடித்துவிடும் காது பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் என்பார்கள், ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது கொஞ்சம் அதிகம். அதற்காக ஆட்டிசம் என்றாலே ஏதோ அபூர்வ சக்தி ஒளிந்திருக்கும் என்று சினிமா பார்த்து நம்பிப் போகாதீர்கள். அங்கே வரும் இன்னொரு பெண்ணுக்குச் சுருதி பெரிதாகச் சேராது, தாளம் அபாரம், டீச்சர் அவளுக்குக் கீபோர்டை விட்டுவிட்டு கஞ்சிராவைக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனதே அதைப் பார்த்துத்தான்.

பாடம் வழக்கம்போல கர்நாடக இசையில் எல்லோரும் தொடங்கும் மாயாமாளவகௌளை ராகத்துச் சரளி வரிசைதான். ச-வுக்குச் சிவப்பு, ப-வுக்குப் பச்சை என்று கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார், விரல் பழகப் பழக ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும், உரிப்பது என் மகனின் வேலை, அதற்காகவே வேகமாகக் கற்றுக்கொள்கிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம். செருப்பைக் கழற்றுவது, தண்ணீர், கீபோர்டு, ஊஞ்சல் என்று வரிசையாகச் சுவரில் படங்கள் இருக்கின்றன. அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். சத்தம் தாங்காத பிள்ளைகளுக்குக் காதுமூடியும் வைத்திருக்கிறார். அப்புறம், பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது. முதலில் கடுப்பாக இருந்தது, இப்போது நிம்மதியாக வெளியே டீ குடிக்கிறேன்.

தேர்வு பற்றிக் கேட்டேன். லண்டன் டிரினிட்டி கல்லூரி படிப்படியாக நடத்தும் கிரேடு இசைத் தேர்வில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம், புது ஆள் முன்னால் வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் வீடியோ எடுத்து அனுப்பும் டிஜிட்டல் தேர்வும் இருக்கிறது. "இருக்கு சார், ஆனா அவன் கேக்கட்டும், நீங்க கேக்காதீங்க" என்றார். சரி, வாயை மூடிக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. கட்டணம் சாதாரண கீபோர்டு வகுப்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, தனித்தனியாகச் சொல்லித்தருவதால் நியாயம்தான் என்றாலும் தெரபி செலவோடு சேரும்போது கை கடிக்கிறது. அதைவிடப் பெரிய குறை, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பையனை அவன் அப்பா தூக்கிக்கொண்டு ஏறியதைப் பார்த்தேன், சிறப்புக் குழந்தைகளுக்கான வகுப்பில் இது பெரிய ஓட்டை, கீழே ஒரு அறை பார்க்கச் சொல்லி நாங்கள் சிலர் டீச்சரை நச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஐந்துக்கு நான்கு தருவேன். வேறு எங்காவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால் பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று கேட்டு ஃபார்ம் நீட்டுகிறவர்களிடம், பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பதற்கு அதில் இடம் எங்கே என்று கேளுங்கள். முழித்தார்கள் என்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.