காயுமா என்று முதலில் கேளுங்கள்: இலங்கை மலைநாட்டில் பச்சைப்பிள்ளை உடுப்புக்குக் கிடைக்கும் துணிகள், ஒரு மதிப்பீடு

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு புடவைக்கடைக்குள் போய், பிறக்கப்போகிற பிள்ளைக்கு உடுப்புத் தைக்கவேண்டும் என்று சொன்னால், கடைக்காரரின் கை பெரும்பாலும் பிளனல் சுருளுக்குத்தான் போகும். குளிர் ஊர், பிள்ளைக்குக் கதகதப்பு வேண்டும், தடித்த துணியாகக் கொடுப்போம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பாதிதான் சரி. மழை பிடித்தால் அந்தத் துணி எத்தனை நாளில் காயும் என்பது மீதிப் பாதி. ஈரம் முழுதாக விடாத ஒரு பிளனல் சட்டையைவிட, நன்றாகக் காய்ந்த மெல்லிய கொட்டன் சட்டை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் பிள்ளைக்குச் சூடு அதிகம். இரண்டு துணிக்கும் இடையில் நிற்கும் காற்றுத்தான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஈரம் அந்தச் சூட்டை இழுத்துவிடும். அதனால் இங்கே ஒவ்வொரு துணியையும், எப்படிக் காயும், ஊசிக்குக் கீழே என்ன செய்யும் என்று பார்த்தே எடைபோடுகிறேன்.

துணி எடுக்க முன் பிள்ளை பிறக்கும் மாதத்தைப் பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கம் ஜூன், ஜூலையில் காற்றும் வெயிலுமாக இருக்கும். அங்கே மழை பலப்பது ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் பனி உறைந்தாலும் பகலில் வெயில் அடிக்கும், துணி காயும். ஆகவே ஜனவரியில் நுவரெலியாவில் பிறக்கும் பிள்ளைக்குப் பிளனல் பொருத்தம். ஜூலையில் மஸ்கெலியாவில் பிறக்கும் பிள்ளைக்கு மெல்லிய துணியாக, எண்ணிக்கையில் கூடுதலாகத் தைப்பதுதான் புத்தி.

எண்ணிக்கை தவறுவது நெப்பியில்தான். பச்சைப்பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து நெப்பி போகும். மழைக்காலத்தில் துவைத்தது காய மூன்று நாள் என்று வைத்தால் 30 வேண்டும். கடைகளில் டசின் கணக்கில் விற்பதால் பலர் 12 வாங்கி, இரண்டாம் நாளிலேயே ஈர நெப்பியை அடுப்புக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். 45 அங்குல அகலத் துணி எடுத்தால் நடுவே கிழித்து, 22½ அங்குலச் சதுரமாக வரிசைக்கு இரண்டு வரும். 15 வரிசைக்கு 8.6 மீற்றர், சுருக்கத்துக்கும் சேர்த்து 9 மீற்றர் எடுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பக்கம் துணியின் கரை இருக்கும். அதை மடிக்கத் தேவையில்லை, மற்ற மூன்று பக்கத்தைக் கால் அங்குலமாக இரட்டை மடிப்பில் தைத்தால் போதும். நெப்பிக்கு, இளக்கமாக நெய்த மெல்லிய கொட்டனான மல் துணிதான் முதல் தெரிவு. பொப்லின் வேண்டாம்: நெசவு இறுக்கம், புதிதில் ஈரம் உள்ளே போகாமல் மேலே ஓடும்.

பிளனல். கடையில் இந்தப் பெயரில் கிடைப்பது கம்பளி இல்லை. ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ பஞ்செழுப்பிய கொட்டன். நல்லதும் மோசமும் ஒரே அலுமாரியில் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூலுக்கு நடுவே சல்லடை போல வெளிச்சம் தெரிந்தால், பஞ்சு மட்டும்தான் அந்தத் துணிக்கு உடம்பு. பத்துப் பதினைந்து தடவை பெருவிரலால் ஒரே இடத்தில் தேயுங்கள். உருண்டை உருண்டையாகத் திரண்டால் நாலு சலவையில் மொட்டையாகிவிடும், அந்தப் பஞ்சு பிள்ளையின் விரலிடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் போய் ஒட்டும். கடும் நிறமென்றால் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாயம் ஏறினால் வைத்துவிட்டு வாருங்கள். கொட்டன்தானா என்ற சந்தேகத்துக்கு ஓரத்து நூல் நாலைந்தைப் பிடுங்கிக் கொளுத்தினால் போதும்: கடதாசி எரியும் மணமும் மென்மையான சாம்பலும் வந்தால் கொட்டன், உருகிக் கெட்டி மணியாக நின்றால் பொலியெஸ்டர் கலந்தது.

பிளனலில் பெரும்பாலான வேலை கெடுவது வெட்டுவதற்கு முன்பே. முதல் சலவையில் மீற்றருக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் வரை சுருங்கக்கூடிய துணி இது, அதுவும் நீளப்பக்கம் கூடுதலாக. சுடுநீரில் ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டு, முறுக்காமல் காயவைத்து, இலேசான ஈரத்தோடு இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடவேண்டும். போர்வையில் இந்தத் தவறு நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் சீத்தை அல்லது பொப்லின், மறுபக்கம் பிளனல் என்று தைத்துவிட்டுத் துவைத்தால், பிளனல் மட்டும் சுருங்கி மறுபக்கம் கொப்பளம் கொப்பளமாகப் பொங்கும். அதைப் பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

போர்வை 36 அங்குலச் சதுரம் போதும். பக்கத்துக்கு ஒரு மீற்றர் எடுத்து, நனைத்தபின் அளந்து வெட்டுங்கள். மூலையை ஒரு சோசரை வைத்து வளைத்தால் திருப்பும்போது மூலை தடிக்காது. நல்ல பக்கங்களைச் சேர்த்து அரை அங்குலத்தில் தைத்து, ஆறு அங்குலம் திறந்து விட்டுத் திருப்பி, திறப்பைக் கையால் மூடி, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே சுற்றிவர மேல் தையல் போடுங்கள். பிளனல் இரண்டு படையாக ஓடும்போது கீழ்த்துணி முன்னால் போகும், மேல்துணி பின்தங்கும். கடைசியில் அரை அங்குலம் மிஞ்சி நிற்கும். மூன்று அங்குலத்துக்கு ஒரு குண்டூசி குத்தி, தையல் நீளத்தை 3 மில்லிமீற்றர் ஆக்கி, பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் அது நிற்கும். ஊசி 14 நம்பர். ஒவ்வொரு போர்வைக்கும் பிறகு ஊசித்தட்டைக் கழற்றிப் பஞ்சைத் தூரிகையால் எடுங்கள். அடுத்த துணியில் நூல் அறுவதற்கும் அடியில் சிக்குவதற்கும் பெரும்பாலும் அந்தப் பஞ்சுதான் காரணம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பஞ்செழுப்பிய துணியில் தீ மேற்பரப்பிலேயே ஓடும், கண்மூடித் திறக்குமுன் பரவும். விறகடுப்பு எரியும் லயக் காம்பிராவில் அடுப்புக்கு மேல் கொடியில் பிளனல் காயப்போடவே கூடாது. அப்படிக் காய்ந்தது புகையை வேறு பிடித்துக்கொள்ளும், அந்தப் புகை பிள்ளையின் மூக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும். துணி மென்மையாக்கி திரவம் பிளனலுக்கு வேண்டாம். தீப்பிடிக்கும் தன்மையைக் கூட்டும், ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும். போர்வைக்கும், காயும் மாதத்துச் சட்டைக்கும் பிளனலுக்கு ஐந்தில் நாலு புள்ளி. மழைமாதச் சட்டைக்கு இரண்டுதான்.

வொயிலும் மெல்லிய பொப்லினும், அதாவது மெல்லிய கொட்டன் துணிகள். மலைநாட்டுக்கு என் முதல் தெரிவு இது. இஸ்தோப்பில் காற்றுப் பட்டாலே பாதி காய்ந்துவிடும். கடையில் விறைப்பாக இருப்பது கஞ்சியும் மெருகும். இரண்டு தடவை சுடுநீரில் அலசினால் போய்விடும். டி.சி. என்று சொல்லித் தருவது பொலியெஸ்டர் கலப்பு. சீக்கிரம் காயும், ஆனால் வேர்வையைச் சரியாக உறிஞ்சாது, உள்சட்டைக்கு எடுக்காதீர்கள்.

45 அங்குல அகலத்தில் 2 மீற்றர் எடுத்தால் ஆறு சட்டை வரும். 24 அங்குல நீளம், 19 அங்குல அகலத் துண்டு ஒரு சட்டைக்கு. தோள் தையல் இல்லாமல் குறுக்கே மடித்து, கையும் உடம்பும் சேர்ந்த ஒரே வெட்டாக எடுக்கவேண்டும். தைத்து முடிந்தபின் உடம்பு அகலம் 10 அங்குலம், கைநுனியிலிருந்து கைநுனி 18, நீளம் 11. கழுத்து 3½ அங்குல அகலம், முன் இறக்கம் 1½, பின் இறக்கம் முக்கால். முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறப்பு. பச்சைப்பிள்ளையின் தலைவழியே சட்டை மாட்டுவது யாருக்கும் இலகுவில்லை. பெருந்தோட்டங்களில் 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறக்கும் பிள்ளைகள் அதிகம் என்பதால், ஆறில் இரண்டை உடம்பு அகலம் 8½ அங்குலமாகத் தைத்து வையுங்கள். பெரிய சட்டைக்குள் சின்ன உடம்பு இருந்தால் கழுத்து வழியே குளிர் இறங்கும், துணி முகத்துக்கு ஏறும்.

இந்த வெட்டில் கிழிகிற இடம் கமக்கட்டு. நேர்மூலையாக வெட்டாமல் ஓர் அங்குல வளைவாக வெட்டி, அந்த இடத்தில் இரண்டு வரி தைத்து, தையலுக்குச் சற்று முன்வரை சிறு வெட்டுகள் கொடுத்தால் இழுக்காது. பக்கத் தையல் பிரெஞ்ச் தையலாக இருக்கட்டும்: முதலில் தப்புப் பக்கங்களைச் சேர்த்துக் கால் அங்குலத்தில் தைத்து, பாதியாகக் கத்தரித்து, திருப்பி மறுபடி கால் அங்குலம். பிசிறு முழுக்க உள்ளே மறைந்துவிடும். பிளனலில் இதைச் செய்தால் கயிறு போலத் தடிக்கும். அதில் தையலை வெளிப்பக்கமாக விட்டுவிடுவதே பிள்ளைக்குச் சுகம்.

வொயிலுக்கு 9 அல்லது 11 நம்பர் ஊசி, 2 மில்லிமீற்றர் தையல். 14 நம்பர் ஊசியை மாற்றாமல் ஓட்டினால் துணி சுருக்கு விழும், பிறகு மெசினைக் குறை சொல்வார்கள். தொடக்கத்தில் துணியை ஊசித்தட்டு விழுங்கினால், ஒரு துண்டுத் துணியில் தைக்கத் தொடங்கி அப்படியே சட்டைக்குள் போங்கள். வீடுகளில் இன்னும் இருக்கும் பழைய கைமெசின் இந்த வேலைக்குக் குறைவே இல்லை. சின்னக் கை வளைவில் ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்திப் போகலாம்.

கட்டுவதற்குப் பட்டன் வேண்டாம். கழன்றால் வாய்க்குத்தான் போகும். சாதாரண இரும்புப் பிரஸ் பட்டன் இந்த ஈரத்தில் துருப்பிடித்துக் கறை விடும். ஆறு அங்குலத் துணி நாடா இரண்டு சோடி, கழுத்தில் இல்லாமல் ஒன்றரை அங்குலம் கீழே, தட்டையாகத் தைத்தால் போதும். ரிப்பனும் லேஸும் கழுத்தில் அழகாகத்தான் இருக்கும், பிள்ளைக்கு அது அரிப்பும் ஆபத்தும்.

ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துணி. கிலோக் கணக்கில் விற்கும் இன்டர்லொக், ரிப் என்ற, இழுத்தால் நீளும் பின்னல் துணித் துண்டுகள். தொப்பிக்கும் காலுறைக்கும் இதைப்போல மலிவும் மென்மையும் வேறில்லை. ஆனால் நேர்த்தையல் மட்டும் போடும் மெசினில் தைத்தால், முதல் தடவை இழுத்து மாட்டும்போதே நூல் அறும், ஏனென்றால் துணி நீளும், தையல் நீளாது. மெசினில் சிக்சாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) இல்லாவிட்டால் கையால் பின்தையல் போடுங்கள். ஊசி முனை உருண்டதாக இருக்கவேண்டும். கூர்முனை இழையை அறுத்து ஓட்டை விடும், தையலும் தவறும். எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தே நிறுக்கச் சொல்லுங்கள்.

கையுறை, காலுறை தைத்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் போடக்கூடாது. தொங்கும் ஓர் இழை பிள்ளையின் விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்தம் ஓடாது, பிள்ளை அழும், காரணம் ஒருவருக்கும் விளங்காது. என்னைக் கேட்டால் கையுறையே வேண்டாம், சட்டைக்கை நுனியை இரண்டு அங்குலம் நீட்டி மடித்து விடுங்கள்.

ஃபிளீஸ். சீக்கிரம் காய்வதில் இதை வெல்ல எதுவும் இல்லை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் முழுக்கப் பொலியெஸ்டர். வேர்வை உறிஞ்சாது, நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கிளினிக்குக்குத் தூக்கிப் போகும்போது கொட்டன் உடுப்புக்கு மேலே சுற்ற ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். தூங்கும் பிள்ளைக்கு ஃபிளீஸோ தடித்த மெத்தைப் போர்வையோ வேண்டாம். எந்தப் போர்வையும் நெஞ்சுக்கு மேலே ஏறக்கூடாது, முகமும் தலையும் திறந்திருக்கவேண்டும். சுற்றிக் கட்டும்போது கால் தவளைக் கால் போல மடங்கி விரிய இடம் விடுங்கள்; நேராக நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டு விலகக்கூடும்.

பழைய வேட்டி, பழைய சேலை. முதல் துணி பழைய வேட்டியில்தான் என்று பெரியவர்கள் சொல்வதில் நல்ல துணியறிவு இருக்கிறது. ஐம்பது தடவை துவைத்த கொட்டனில் கஞ்சி இல்லை, இனிச் சுருங்காது, சாயம் விடாது, வேகமாகக் காயும். தேய்ந்த நடுப்பகுதியை விட்டு ஓரப்பகுதியில் வெட்டுங்கள். சேலையை நாலாக மடித்து விரிப்பாகத் தைக்கிறவர்கள் மழைமாதத்தில் இரண்டு படையோடு நிற்கட்டும், நாலு படை நடுவில் காயவே காயாது. இரண்டு அங்குல இடைவெளியில் ஓட்டுத்தையல் வரிகள் போட்டால் படை நகராது.

கடையில் பையோடு விற்கும் ரெடிமேட் செட்டைப் பற்றி: தொப்பியும் காலுறையும் பரவாயில்லை, சட்டைகள் பெரும்பாலும் கலப்புத் துணி, உள்தையல் பிசிறு. அவசரத்துக்கு மட்டும்.

எல்லாவற்றையும் எட்டாம் மாதத்துக்குள் முடித்து, துவைத்து, இஸ்திரி சூட்டில் கடைசி ஈரத்தையும் எடுத்து, ஆறவிட்டு, துணிப்பையில் கட்டுங்கள். பொலித்தீனில் கட்டினால் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், அது போகாது. நப்தலின் உருண்டை கிட்டவும் வரக்கூடாது. பிறவியிலேயே ஒரு நொதியம் குறைவாக உள்ள சில பிள்ளைகளுக்கு அந்த வாசனை ஏறிய உடுப்பே சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். பையைக் கட்டுமுன் குண்டூசிகளை எண்ணுங்கள். எடுத்தது இருபது என்றால் பெட்டியிலும் இருபது இருக்கவேண்டும். ஒன்று குறைந்தால் அத்தனை துணியையும் மறுபடி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத்தான் வைக்கவேண்டும்.